பந்தைத்தான் சார் எடுத்தேன்! - சிவப்பு அட்டையின் கதை

கால்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் சரி, எங்க பண்ருட்டி ஸ்கூல் கிரவுண்டா இருந்தாலும் சரி, உலகக் கோப்பை ஃபைனலா இருந்தாலும் சரி, ரெண்டு டயலாக் மட்டும் மாறவே மாறாது. எதிராளி காலைப் பிடிச்சுகிட்டு தரையில உருண்டுகிட்டு இருப்பான். இடிச்சவன் ரெண்டு கையாலயும் காத்துல ஒரு வட்டம் போட்டுக் காட்டுவான். அதுக்கு அர்த்தம், "பந்தைத்தான் சார் எடுத்தேன்!". நடுவர் மசியலைன்னா ரெண்டாவது டயலாக் வரும். "வேணும்னு செய்யலை சார்!". மொழி தெரியலைன்னாலும் டிவியில பார்த்தாலே புரியும் :-)

இந்த ரெண்டு டயலாக்குக்கும் இன்னைக்கு கால்பந்து சட்டத்துல பெரிய மதிப்பு கிடையாது. ஆனா ஒரு காலத்துல இருந்தது. அது எப்படிப் போச்சு, போறதுக்குள்ள எத்தனை காலும் எத்தனை உயிரும் போச்சு என்பதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துகிட்டு வந்து உட்காருங்க.

காலை உதைக்க உரிமை கேட்டவர்கள்

கதை 1863-ல லண்டன்ல ஆரம்பிக்குது. அதுவரைக்கும் இங்கிலாந்துல ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒவ்வொரு விதமா கால்பந்து ஆடிகிட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு சட்டம் எழுதலாம்னு சில கிளப்புகள் கூடிப் பேசினாங்க. அதுல பெரிய சண்டை எதுக்குத் தெரியுமா? எதிராளியோட முழங்காலுக்குக் கீழே, எலும்புல உதைக்கலாமா கூடாதா என்பதுக்கு! அதுக்கு 'ஹேக்கிங்'னு தனியா ஒரு பேரே இருந்தது. (கம்ப்யூட்டர்காரங்க மன்னிக்கணும், பேரு அவங்களுக்கு முன்னாடியே இவங்ககிட்ட இருந்திருக்கு.)

பிளாக்ஹீத் கிளப்பைச் சேர்ந்த கேம்ப்பெல் என்பவர், உதைக்கிறதை எடுத்துட்டா ஆட்டத்துல வீரமே இருக்காது, ஒரே வாரம் பயிற்சி கொடுத்து பிரெஞ்சுக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாக்கூட உங்களை ஜெயிச்சுடுவாங்கன்னு வாதம் பண்ணினார். வாதம் எடுபடலை. உதைக்கவும் கூடாது, தடுக்கி விழ வைக்கவும் கூடாதுன்னு முடிவாச்சு. பிளாக்ஹீத் கோவிச்சுகிட்டு வெளியே போயிட்டாங்க. ஷூவோட அடியில ஆணி துருத்திகிட்டு இருக்கக் கூடாதுன்னும் அதே 1863 சட்டத்துல எழுதினாங்க. ஆக, எதிராளியோட காலைக் காப்பாத்தணும்ங்கிற எண்ணத்துலதான் நவீன கால்பந்தே பிறந்ததுன்னு சொல்லலாம்.

ஆனா சட்டம் எழுதினா போதுமா? பார்த்துச் சொல்ல ஆள் வேணுமே. முதல்ல பக்கத்துக்கு ஒருத்தரா ரெண்டு அம்பயர் இருந்தாங்க. கிரிக்கெட்டுல மாதிரி வீரர்கள் முறையிட்டாத்தான் தீர்ப்பு. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போகலைன்னா மைதானத்துக்கு வெளியே இருக்கிற மூணாவது ஆள் கிட்ட கேட்பாங்க. அவர்தான் ரெஃப்ரி. 1891-ல அந்த ரெஃப்ரியை மைதானத்துக்குள்ள கொண்டு வந்து, தீர்ப்பு சொல்ற அதிகாரத்தைக் கையில கொடுத்தாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டு இன்னும் நின்னபாடில்லை.

சிக்னல்ல பிறந்த யோசனை

கார்டு எல்லாம் ரொம்பப் பிற்பாடுதான் வந்தது. அதுவரைக்கும் எச்சரிக்கையும் வாயால, வெளியேற்றமும் வாயால.

1962 ஜூன் 2. சிலி நாட்டோட தலைநகர் சாண்டியாகோவுல சிலிக்கும் இத்தாலிக்கும் உலகக் கோப்பை ஆட்டம். முதல் ஃபவுல் 12-வது வினாடியிலேயே வந்துடுச்சு. இத்தாலியோட ஃபெரினியை நடுவர் கென் ஆஸ்டன் வெளியே போகச் சொன்னா, அவர் போக மாட்டேங்கிறார். போலீஸ் உள்ளே வந்து கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அப்புறம் இத்தாலியோட மாரியோ டேவிட், எதிராளி தலை உயரத்துக்குக் காலைத் தூக்கி உதைச்சு வெளியே போனார். ஆனா குத்து விட்டு ஒருத்தர் மூக்கை உடைச்ச சிலி வீரர் சான்செஸ் கடைசி வரைக்கும் ஆடினார். 'சாண்டியாகோ யுத்தம்'னே அந்த ஆட்டத்துக்குப் பேரு.

நாலு வருஷம் கழிச்சு, 1966 ஜூலை 23. லண்டன் வெம்ப்ளியில இங்கிலாந்து - அர்ஜெண்டினா காலிறுதி. ஜெர்மனிக்காரரான நடுவர் கிரைட்லைன், அர்ஜெண்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொன்னார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. ராட்டின் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேட்டுகிட்டு நகரவே மாட்டேங்கிறார். ஆட்டம் பல நிமிஷம் அப்படியே நின்னு போச்சு. இன்னொரு கூத்து, அதே ஆட்டத்துல தன்னை நடுவர் எச்சரிச்சாரா இல்லையான்னு இங்கிலாந்து வீரர் ஜாக் சார்ல்டனுக்கே தெரியலை.

அந்த உலகக் கோப்பையில நடுவர்களுக்குப் பொறுப்பா இருந்தவர், நாலு வருஷத்துக்கு முன்னாடி சாண்டியாகோவுல மாட்டிகிட்ட அதே கென் ஆஸ்டன்தான். அந்த ஆட்டத்துக்கு அப்புறம் கார்ல போகும்போது கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட் சிக்னல்ல நின்னிருக்கார். மஞ்சள் விழுந்தா கவனம், சிவப்பு விழுந்தா நில்லு. எந்த மொழிக்காரனுக்கும் புரியுற சமாச்சாரம். அங்கேதான் கார்டுக்கான யோசனை பிறந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில கார்டுகள் வந்தன. மஞ்சள் நிறைய காட்டினாங்க. சிவப்பு ஒண்ணுகூட இல்லை.

உலகக் கோப்பையில முதல் சிவப்பு 1974 ஜூன் 14-ல, பெர்லின்ல. துருக்கி நடுவர் தோகான் பாபகான் காட்டினது, சிலி வீரர் கார்லோஸ் காஸ்லிக்கு. மேற்கு ஜெர்மனியோட பெர்ட்டி ஃபோக்ட்ஸ் அவர் கூடவே ஒட்டிகிட்டு மறிச்சுகிட்டு இருந்தார். பொறுமை போய் காஸ்லி திருப்பிக் கொடுத்தார், சிவப்பு வாங்கினார். முதல் சிவப்பு அட்டை போனதே பதிலுக்கு அடிச்சவனுக்குத்தான். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. இதே மாதிரி ஒண்ணு நம்ம நாட்டுல நடந்து, மைதானத்தைத் தாண்டிப் போச்சு.

கொல்கத்தா, 1980 ஆகஸ்ட் 16

ஈடன் கார்டன்ஸ்னு சொன்னா நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அன்னைக்கு அங்கே கல்கத்தா லீக்ல ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம். நம்ம ஊர் ரஜினி - கமல் ரசிகர் சண்டையை நூறால பெருக்கிக்கோங்க, அதுதான் அந்த ரெண்டு கிளப்புக்கும் நடுவுல இருக்கிற உறவு.

ரெண்டாவது பாதியில, மோகன் பகானோட விங்கர் பிதேஷ் போஸை ஈஸ்ட் பெங்கால் தடுப்பாட்டக்காரர் திலீப் பாலித் முரட்டுத்தனமா மறிச்சு வீழ்த்தினார். பிதேஷ் பதிலுக்குத் திருப்பிக் கொடுத்தார். நடுவர் சுதின் சாட்டர்ஜி ரெண்டு பேரையும் வெளியேத்தினார்.

சட்டப்படி பார்த்தா ரெண்டும் ரெண்டு விதமான குற்றம். பந்துக்காகப் போராடும்போது முரட்டுத்தனம் பண்றது ஒரு வகை. பந்துக்கு சம்பந்தமே இல்லாம ஆளை அடிக்கிறது இன்னொரு வகை. ரெண்டுக்கும் தண்டனை சிவப்புதான். ஆனா கேலரியில உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியும்? "நம்ம ஆளை அநியாயமா அனுப்பிட்டான்", அவ்வளவுதான். ரெண்டு கிளப் ரசிகர்களும் ஒரே கேலரியில கலந்து உட்கார்ந்திருந்தாங்க. கல்லு பறந்தது, கைகலப்பு ஆச்சு, கூட்டம் தப்பிச்சு ஓடப் பார்த்து நெரிசலாச்சு. 16 ரசிகர்கள் செத்துப் போனாங்க. ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைங்க.

அந்த 16 பேரைக் கொன்னது ஒரு டேக்கிள்னு நான் சொல்ல மாட்டேன். ரசிகர்களைப் பிரிச்சு உட்கார வைக்காதது, அவ்வளவு கூட்டத்துக்கு ஏத்த மாதிரி ஏற்பாடு இல்லாததுன்னு பல காரணம். ஆனா தீக்குச்சி எதுன்னு கேட்டா பதில் மைதானத்துக்குள்ளதான் இருக்கு. நடுவர்கள் ஏன் முதல் முரட்டு டேக்கிளையே கண்டிக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறாங்கன்னா, அதை விட்டா ரெண்டாவது டேக்கிள் பழிவாங்குற டேக்கிளா வரும், மூணாவது மைதானத்துக்குள்ளேயே இருக்கும்னு சொல்ல முடியாது. இன்னைக்கும் ஆகஸ்ட் 16-ஐ கால்பந்து ரசிகர்கள் நாளா நினைவு வெச்சு, கொல்கத்தாவுல ரத்த தானம் செய்யறாங்க.

வேணும்னு செய்யலை சார்!

ரெண்டே வருஷத்துல, 1982 ஜூலை 8, ஸ்பெயின் நாட்டு செவில் நகரம். மேற்கு ஜெர்மனி - பிரான்ஸ் அரையிறுதி. மாற்று வீரரா உள்ளே வந்திருந்த பிரான்ஸோட பாட்டிஸ்டன் தனியா பந்தைத் துரத்திகிட்டு ஓடறார். கோல் கீப்பர் ஷூமாக்கர் எதிர்ல பறந்து வந்து, உடம்பைத் திருப்பி, பாட்டிஸ்டன் முகத்துல மோதினார். பல்லு போச்சு, முதுகெலும்புல அடி, நினைவு தப்பிப் போச்சு. கூட இருந்த பிளாட்டினி, ஆள் செத்துட்டார்னே நினைச்சாராம்.

நடுவர் கொடுத்த தீர்ப்பு? கோல் கிக். கார்டு இல்லை, ஃபவுல்கூட இல்லை. பந்து கோலுக்கு வெளியே போச்சு, எடுத்து அடிங்கப்பா, அவ்வளவுதான். அந்த ஆட்டத்துல கடைசியில பெனால்டியில ஜெயிச்சதும் ஜெர்மனிதான்.

இது எப்படி சாத்தியம்னு இன்னைக்கு கேட்கிறோம். அன்னைய சட்டத்தைப் பார்த்தா கொஞ்சம் புரியும். உதைக்கிறது, தடுக்கி விழ வைக்கிறது எல்லாமே 'வேண்டுமென்றே' செஞ்சாத்தான் ஃபவுல்னு எழுதியிருந்தது. அதாவது நடுவர், 20 கெஜம் தள்ளி நின்னுகிட்டு, அரை வினாடியில, ஒருத்தன் மனசுக்குள்ள என்ன இருந்ததுன்னு கண்டுபிடிக்கணும். பந்தைப் பிடிக்கத்தான் பாய்ஞ்சேன்னு கீப்பர் சொன்னா என்ன பண்ணுவீங்க? சந்தேகத்தோட பலன் குற்றவாளிக்குன்னு ஆகிப் போச்சு. காலு உடைஞ்சவனுக்கு ஒண்ணும் கிடையாது.

1995-ல அந்த 'வேண்டுமென்றே' என்ற சொல்லைத் தூக்கினாங்க. என்னைக் கேட்டா கார்டு கண்டுபிடிச்சதை விட இதுதான் பெரிய மாற்றம். அதுக்குப் பதிலா மூணு படி வெச்சாங்க. இன்னைக்கும் சட்டம் 12-ல இருக்கிறது அதே மூணுதான்:

கவனக்குறைவு: யோசிக்காம, கவனமில்லாம மோதறது. ஃப்ரீ கிக் மட்டும். கார்டு வேண்டாம்.

பொறுப்பின்மை: எதிராளிக்கு என்ன ஆகும்ங்கிற கவலையே இல்லாம போறது. மஞ்சள்.

அளவுக்கு மீறின பலம்: தேவைக்கு மேல வேகத்தையும் பலத்தையும் போட்டு, எதிராளி உடம்புக்கே ஆபத்தை உண்டாக்கறது. சிவப்பு.

பார்த்தீங்களா, இதுல எங்கேயும் 'நோக்கம்' இல்லை. மனசை விட்டுட்டாங்க, காலைப் பார்க்கச் சொல்லிட்டாங்க.

1998 பிரான்ஸ் உலகக் கோப்பைக்கு முன்னாடி இன்னும் ஒரு படி போனாங்க. பின்னாலேர்ந்து வந்து எதிராளிக்கு ஆபத்து உண்டாக்கற டேக்கிளுக்கு நேரா சிவப்புன்னு சொன்னாங்க. ஹாலந்தோட மார்கோ வான் பாஸ்டன் கணுக்கால் காயத்தால 1993-லயே கடைசி ஆட்டம் ஆடி, 1995-ல முப்பது வயசுல ஓய்வுன்னு அறிவிச்சதை உலகமே பார்த்துட்டு இருந்த சமயம் அது. பிற்பாடு 'பின்னாலேர்ந்து'ங்கிறதையும் விரிச்சு, முன்னாலேயோ பக்கவாட்டுலயோ எந்தப் பக்கத்துலேர்ந்து பாய்ஞ்சாலும் ஒரே தீர்ப்புன்னு ஆக்கிட்டாங்க.

பெங்களூர், 2004 டிசம்பர் 5

சட்டம் மாறினா எல்லாம் சரியாயிடுமா? இல்லைங்கிறதுக்கு உதாரணம் நமக்கு ரொம்பப் பக்கத்துலேயே இருக்கு.

பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம். ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல். கோவாவோட டெம்போ, கொல்கத்தாவோட மோகன் பகான். டெம்போவுக்கு ஆடின பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், வயசு 25. ஒரு கோல் ஏற்கனவே போட்டுட்டார். ரெண்டாவது பாதியில இன்னொரு வாய்ப்பு. பந்தைத் தட்டிவிட்ட அதே நேரத்துல எதிர்ல பாய்ஞ்சு வந்த கோல் கீப்பர் சுப்ரதா பாலோட மோதினார். பந்து வலைக்குள்ள. ஜூனியர் தரையில. அப்புறம் அவர் எழவே இல்லை. அந்த ரெண்டு கோல்லதான் டெம்போ கோப்பையை ஜெயிச்சது. அவர் போட்டுகிட்டு இருந்த 10-ம் நம்பர் சட்டையை டெம்போ வேற யாருக்கும் கொடுக்கறதில்லைன்னு எடுத்து வெச்சுட்டாங்க.

சுப்ரதா பாலுக்கு அப்போ ரொம்பச் சின்ன வயசுதான். இந்தியக் கால்பந்து சம்மேளனம் அவரை ரெண்டு மாசம் சஸ்பெண்ட் பண்ணியது. பின்னாடி அவரே இந்திய அணியோட கீப்பரா 2011 ஆசியக் கோப்பையில பறந்து பறந்து தடுத்ததைப் பார்த்து ஊரே பாராட்டினது. அவர் கொல்லணும்னு நினைச்சாரா? நிச்சயமா இல்லை. அதுதான் விஷயமே. யாரும் நினைக்கறதில்லை. நினைக்காம நடக்கறதைத் தடுக்கத்தானே சட்டத்துலேர்ந்து அந்தச் சொல்லையே தூக்கினாங்க?

இங்கே இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். கோல் விழுந்துட்டா மோதல் மன்னிக்கப்பட்டதுன்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு. தப்பு. கோல் வாய்ப்பைக் கெடுக்கப் பார்த்த குற்றத்தோட கனம் வேணா, கோல் விழுந்துட்டா குறையும். ஆபத்தான மோதலோட கனம் குறையாது. கோலும் கொடுத்து, அப்புறம் கார்டும் கொடுக்கலாம். அதே மாதிரி கீப்பர்னு தனிச் சலுகையும் சட்டத்துல கிடையாது. பழக்கத்துல மட்டும்தான் இருக்கு. கீப்பர் கையால பந்தைப் பிடிக்கலாம், அவ்வளவுதான். முட்டியை முன்னால நீட்டிகிட்டு வர உரிமை அவருக்கும் இல்லை.

பலாப்பழமும் நடுவரும்

சரி, அரை வினாடியில நடுவர் எதைத்தான் பார்க்கிறார்?

எங்க ஊர்ல பலாப்பழம் வாங்கினவங்களுக்குத் தெரியும். உள்ளே சுளை எப்படின்னு அறுக்காமலே சொல்லணும். தட்டிப் பார்ப்பாங்க, முள்ளு விரிஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. நாலு அடையாளம் சேர்ந்தா ஒரு முடிவு. நடுவர் வேலையும் அதேதான். மனசை அறுத்துப் பார்க்க முடியாது, வெளியே தெரியற அடையாளத்தை வெச்சுச் சொல்லணும்.

வேகம்: எவ்வளவு தூரத்துலேர்ந்து ஓடி வந்தான், கடைசியில வேகத்தைக் குறைச்சானா?

பாதம்: ஷூவோட அடிப்பக்கம், அந்த ஸ்டட் இருக்கிற பக்கம், எதிராளியைப் பார்த்து இருக்கா?

உயரம்: பட்ட இடம் பாதமா, கணுக்காலா, அதுக்கு மேலயா?

முட்டி: கால் மடங்கியிருக்கா, விறைப்பா நீட்டியிருக்கா? விறைச்ச கால்தான் எலும்பை உடைக்கும்.

கட்டுப்பாடு: ரெண்டு காலும் தரையை விட்டுப் போச்சா? அந்தரத்துல இருக்கிறவனால திரும்பவும் முடியாது, நிக்கவும் முடியாது.

பந்து: எட்டுற தூரத்துல இருந்ததா, இல்லை ஏற்கனவே போயிடுச்சா?

இதுல ரெண்டு மூணு சேர்ந்தாலே சிவப்பு நெருங்குதுன்னு அர்த்தம். பந்துல கால் பட்டிருக்கலாம், பட்டும் சிவப்பு வாங்கலாம். பந்தைத் தொட்டுட்டு அதே வேகத்துல கணுக்காலையும் எடுத்தா, எடுத்தது பந்து மட்டும் இல்லையே. அடிபட்டவன் எழுந்து ஓடினாக்கூட சிவப்பு சரிதான், ஏன்னா தண்டனை காயத்துக்கு இல்லை, ஆபத்துக்கு. அதே மாதிரி, ஒருத்தனுக்குக் கால் உடைஞ்சுட்டதாலேயே சிவப்புன்னும் இல்லை. சாதாரண மோதல்லயும் எலும்பு உடையலாம்.

கபடி பார்த்து வளர்ந்த நமக்கு இது ஆரம்பத்துல கொஞ்சம் விசித்திரமா இருக்கும். கபடியில ஆளைப் பிடிக்கறதுதான் ஆட்டம். கால்பந்துல பந்துதான் ஆட்டம், ஆள் இல்லை.

2018 உலகக் கோப்பையிலேர்ந்து வீடியோ நடுவர் வேற வந்தாச்சு. நேரா கொடுக்கற சிவப்பை அவங்க மறுபடி பார்க்கலாம். உதவிதான், ஆனா அதுலயும் ஒரு சிக்கல். மெதுவா ஓட்டிக் காட்டினா எல்லா டேக்கிளும் கொலை முயற்சி மாதிரிதான் தெரியும். அதனால பட்ட இடத்தைப் பார்க்க மெதுவா, வேகத்தையும் பலத்தையும் பார்க்க நிஜ வேகத்துலன்னு பிரிச்சுப் பார்க்கச் சொல்றாங்க. மெஷின் வந்தாலும் தட்டிப் பார்த்துச் சொல்ற ஆள் தேவைப்படுது.

நம்மாளுங்களும் உண்டு

இவ்வளவு பெரிய கதையில தமிழ்நாட்டுக்கும் இடம் இருக்கு. 2002 உலகக் கோப்பையில துணை நடுவரா கொடி பிடிச்சவர் நம்ம கோமளீஸ்வரன் சங்கர். இந்திய அணி உலகக் கோப்பையில ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை, ஆனா ஒரு தமிழர் அந்த மைதானத்துல நின்னு தீர்ப்பு சொல்லியிருக்கார். திண்டுக்கல் ரூபா தேவி 2016-ல ஃபிஃபா நடுவர் ஆனாங்க. தமிழ்நாட்டுலேர்ந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண். இவங்க பேரெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? நடுவர் பேரு நமக்குத் தெரியறதே திட்டறதுக்குத்தானே!

நம்ம ஊர் ஆட்டங்கள்ல நடுவர்னா பெரும்பாலும் பி.டி. வாத்தியார்தான். ஆடற பசங்க பாதிப் பேர் வெறுங்கால், மீதிப் பேர் ஸ்டட் வெச்ச ஷூ. வெறுங்கால் பையன் மேல ஸ்டட் கால் இறங்கினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். கால் உடைஞ்சா கூலி வேலைக்குப் போற அப்பாவுக்கு எத்தனை நாள் சம்பளம் போகும், பையனுக்கு எத்தனை மாசம் ஸ்கூல் போகும்னு கணக்குப் பாருங்க. டிவியில வர்ற ஆட்டக்காரனுக்கு டாக்டர் இருக்கார், இன்சூரன்ஸ் இருக்கு. நம்ம பசங்களுக்கு இருக்கிறது அந்த விசில் மட்டும்தான்.

அதனால அடுத்த தடவை வாத்தியார் உங்க டீம் பையனை வெளியே அனுப்பினா, கத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வினாடி அந்தப் பையனோட காலை ஞாபகப்படுத்திப் பாருங்க. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், ஸ்டட் எந்தப் பக்கம். அதுக்கப்புறமும் தீர்ப்பு தப்புன்னு தோணினா தாராளமா கத்துங்க, நானும் வந்து கத்தறேன் :-)